நூற்று நாற்பது டிகிரி காய்ச்சல்

கையில் கடிகாரம் கட்டியிருப்பார். இருந்தாலும் எதிரே வருகிறவரிடம் மணி கேட்பார். அவர் சொன்னதும் தலையாட்டிவிட்டு, பத்தடி தள்ளி நிற்கிற இன்னொருவரிடம் போய் அதையே கேட்பார். அதற்குப் பிறகுதான் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். இரண்டு சாட்சிகளை விசாரித்துவிட்டுக் கடைசியாகக் கடிகாரத்தைக் கூண்டில் ஏற்றுவது போலிருக்கும்.

ஓட்டலில் உட்கார்ந்தால் வடை சூடா என்று பரிமாறுகிறவனிடம் கேட்பார். பிறகு எழுந்து போய் அடுப்படியில் தலையை நீட்டி, வடை சுடுகிறவனிடம் கேட்பார். இரண்டு பேரும் சூடு என்றால்தான் தட்டு வரவேண்டும். இந்த விசாரணை முடிவதற்குள் வடை ஆறிவிடும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் அவர் சுகாதார இன்ஸ்பெக்டர். எழுபத்தொன்றில் ஐம்பது வயதிருக்கும். நாசரேத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, தோளில் காக்கிப் பை. பைக்குள் ஸ்பிரிட் பாட்டில், பஞ்சு, மூன்று தெர்மாமீட்டர். துறைமுகத்தில் யாரும் அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. 'தெர்மாமீட்டர் சார்'தான். நானும் இங்கே பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

அப்போது கொழும்புக்கும் எங்களுக்கும் தோணிகள் போய் வந்துகொண்டிருந்தன. தோணி என்றதும் வெளியூர்க்காரர்கள் துடுப்புப் போடுகிற படகை நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் தோணி பாய்மரக் கப்பல். வெங்காயமும் வத்தலும் கருவாடும் ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வந்ததும் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு பாய்மரத்தில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டும். இன்னும் நோய்ச் சோதனை ஆகவில்லை என்று அர்த்தம். இவர் படகில் போய், ஆள் ஆளாகப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் துணி இறங்கும். அதுவரை ஒருவனும் கரையில் கால் வைக்கக் கூடாது.

நான் ஒரு வெங்காய ஏற்றுமதிக் கம்பெனியில் கிளார்க். இருபத்தாறு வயது. துப்பறியும் கதைகளாகப் படித்துத் தள்ளி, எல்லோரையும் சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு செய்திருந்தேன். எங்கள் கம்பெனித் தோணி வந்தால் காகிதக் கட்டோடு அவர் படகில் நானும் ஏறவேண்டும்.

தோணியில் அவர் வேலை செய்யும் விதமே தனி. ஒவ்வொரு ஆளாகப் பின்பக்கம் கூட்டிப்போவார். காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, கொழும்பில் எங்கே தண்ணீர் குடித்தாய், எங்கே சாப்பிட்டாய், யாரைப் பார்த்தாய். அடுத்த ஆளிடம் மறுபடி முதலிலிருந்து. ஒருவன் பதில் மற்றவன் காதில் விழக்கூடாது. நானோ தோணியில் ஏறியதும் வாயைத் திறந்துவிடுகிற சாதி. "என்னல, கொழும்புல எனக்குப் பொண்ணு பாத்தியளா இல்லியா?" என்று ஆரம்பித்தால் எட்டுப் பேரும் என்னைச் சுற்றி நிற்பார்கள்.

ஒருநாள் அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "தம்பி, முகம் செவந்திருக்கே. வாயத் தொறயும்."

திறந்தேன். தெர்மாமீட்டரை வைத்தார். "நான் எடுக்கது வரைக்கும் பேசக்கூடாது. ஒடஞ்சா பாதரசம் உள்ள போயிரும்."

எட்டுப் பேரையும் சோதித்து முடித்த பிறகுதான் வந்து எடுத்தார். மூன்று நிமிஷம் வைத்தால் போதும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அதற்குப் பிறகு நான் ஏறிய ஒவ்வொரு தோணியிலும் எனக்கு முகம் சிவந்தது.

தோணியின் தலைவரைத் தண்டல் என்போம். எங்கள் கம்பெனித் தண்டல் மாதா கோவில் தெருக்காரர், நாற்பத்தைந்து வயது, பாய்மரம் மாதிரி உடம்பு. அவருக்கு இந்தக் காட்சியில் பெரிய சந்தோஷம். "சார், அந்தக் கண்ணாடிக் குச்சியில ஒண்ணு எனக்கும் கொடுங்க. வீட்டுல மாமியா வந்திருக்காவ" என்பார்.

இவ்வளவு வரை எனக்கு அவர் மேல் சந்தேகம் இல்லை, கடுப்புதான். சந்தேகம் வந்தது அழுகின வெங்காயத்தால்.

ஒருநாள் எங்கள் கிடங்கு வாசலில் நின்று முதலாளியிடம், "அண்ணாச்சி, ஏத்தப்போற மூடையில அடியில கெடக்கது அழுகியிருக்கு. கொழும்புக்குப் போனா திருப்பி அனுப்பிருவான்" என்றார்.

"யாரு சொன்னா?" என்றார் முதலாளி.

"ரெண்டு பேரு சொன்னாவ."

"எந்த ரெண்டு பேரு?"

"மூடையப் பிரிச்சுப் பாருங்க. அழுகலா இருந்தா சேதி நெசம். இல்லன்னா என்னைய வையுங்க. கொண்டுவந்தது யாருன்னு எதுக்கு?"

பிரித்தார்கள். நாற்றம் கடற்கரை வரை போனது. முதலாளிக்கு அழுகல் பெரிதாகப் படவில்லை. கம்பெனிச் சேதி வெளியே போனதுதான் பெரிதாகப் பட்டது. கம்பெனியில் ஓயாமல் பேசுகிறவன் யார்? ஒரு வாரம் என்னைக் கண்டாலே, "வாரும் வானொலி நிலையம்" என்றார். உண்மையில் நான் அந்த அழுகலைக் கவனித்திருந்தால் அல்லவா சொல்வதற்கு!

கடற்கரையில் அவரைப் பிடித்தேன். "சார், நான் இல்லன்னு எங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. சொன்னது யாருன்னு சொன்னாப் போதும், என் மானம் திரும்பிரும்."

அவர் நடந்துகொண்டே பேசினார். "முத்துக்குளிப்பு நடந்த காலத்துல என்னைய முகாமுக்கு அனுப்பியிருந்தாவ, காலராவுக்கு ஊசி போட. ஒரு பொம்பள வந்து, பக்கத்துக் குடிசையில ஒருத்தன் வாந்தி எடுக்கான், மறைக்காவன்னு சொன்னா. நான் போய் நின்னேன். 'யாரு சொன்னா'ன்னு கேட்டான். வாய் தவறி அவ பேரச் சொல்லிட்டேன். சாயங்காலத்துக்குள்ள அவ சட்டி பானையெல்லாம் மணல்ல கெடந்துச்சு. அதுக்குப் பொறவு முகாம்ல எவனும் என்கிட்ட எதுவும் சொல்லல. செத்தவனத் தூக்கிட்டுப் போறப்பதான் எனக்குத் தெரியும்."

"அதுக்கு?"

"அதுக்கு உம்ம மானம் கொஞ்ச நாளு அங்கனயே கெடக்கட்டும்."

இந்தக் கதையில் ஒரு மனிதருடைய முழு வாழ்க்கையும் இருந்தது. எனக்குக் கேட்டது கடைசி வரி மட்டும். இவருக்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, சேதி வருகிறது, யாரென்று சொல்லமாட்டார் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

அந்த வருஷம் புரட்டாசியில் காற்று அடங்கித் தோணிகள் மறுபடி ஓடத் தொடங்கியபோது ஊர் மாறியிருந்தது. கிழக்கு வங்காளத்தில் ராணுவம் புகுந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அகதிகள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள். அந்த ஊர்ப் பையன்கள் துப்பாக்கி எடுத்துக் காட்டிலும் ஆற்றிலும் நின்று எதிர்க்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. எதிரி நாட்டு விமானங்களுக்கு இந்தியாவுக்கு மேலே பறக்கத் தடை இருந்ததால், அவை மேற்கேயிருந்து கிழக்கே போகத் தெற்கே சுற்றிக் கொழும்பில் இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு போகின்றன என்றும் வந்தது. எல்லாவற்றையும் படித்தேன். ஒன்றையும் இன்னொன்றோடு சேர்க்கவில்லை. போர் வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வருவதற்கு முன்பே ஒற்றர்கள் வந்துவிட்டார்கள். உப்பளத்துப் பக்கம் புதிதாக ஒரு பிச்சைக்காரர் உட்கார்ந்தால் ஒற்றன். டிரான்சிஸ்டர் சத்தமாக வைத்தால் ஒற்றன். சத்தமில்லாமல் வைத்தால் பெரிய ஒற்றன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் அவர் கயிற்று ஏணியில் தோணிக்கு ஏற, பையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஏறி என் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அவர் பின்பக்கம் போனபோதும் பை என்னிடமே இருந்தது. உள்ளே ஒரு சின்ன நோட்டு. தெர்மாமீட்டர் வாயில் இருக்கும்போது கைக்கு வேலையில்லை அல்லவா? பிரித்துப் பார்த்தேன். மேலே 'காய்ச்சல்' என்று தலைப்பு. கீழே தேதி, பக்கத்தில் இரண்டு எண்கள். 140, 135. அடுத்த வரியில் 160, 158. ஆள் பெயர் எதுவும் இல்லை.

நூற்றாறு டிகிரிக்கு மேல் போனால் மனுஷன் பிழைப்பதே கஷ்டம். நூற்று நாற்பதில் அவிந்தே போயிருப்பான். எங்கள் தோணியில் ஒருவனும் அவியவில்லை; பின்பக்கம் போனவன் போக ஏழு பேரும் எதிரே நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் முதுகுத்தண்டு சில்லிட்டது. துப்பறியும் கதைகளில் சில்லிடுமே, அதே இடம்.

அன்றிலிருந்து அவரைக் கவனித்தேன். தண்டலை மட்டும் எல்லோரையும்விட அதிக நேரம் பின்பக்கம் வைத்திருந்தார். அதே படகில் போகிற வழியில் ஏறிய இன்னொரு கம்பெனித் தோணியிலும் ஒரே ஒரு ஆளை அப்படித்தான். இரண்டு பேரையும் ஒரே நாளில் கரையில் பார்த்தால் இரண்டு பேரிடமும் பேசமாட்டார்.

ஐப்பசியில் ஒருநாள் ஓட்டலில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "தம்பி, ஒரு கடையில நாளுக்கு நூத்தம்பது டீ ஓடுது. திடீர்னு முப்பதாக் கொறஞ்சுபோச்சு. என்ன அர்த்தம்?" என்றார்.

"டீ நல்லா இல்லன்னு அர்த்தம்."

"ஆளு வரலங்கீரா?"

"வந்திருந்தா குடிச்சிருப்பான்லா."

அவர் திருப்திப்படவில்லை. பக்கத்து மேசையில் காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் ஒரு பொட்டலம் பஜ்ஜி கட்டச் சொல்லிக் காத்திருந்தார். அவரிடம் திரும்பி, காயல்பட்டின வழக்கப்படி அண்ணன் முறை வைத்து அதையே கேட்டார். "காக்கா, ஒரு கடையில திடீர்னு டீ கொறஞ்சா என்ன அர்த்தம்?"

வியாபாரி சிரித்தார். "என்ன சார் கேக்கிய? ரமலான் பொறந்துட்டுல்லா. பகல்ல எவன் குடிப்பான்? நானே நோம்பு தொறக்கத்தான் இதக் கட்டிக்கிட்டுப் போறேன்."

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு நினைவிருக்கிறது. பரீட்சையில் விடை கிடைத்த பையன் முகம். ஊரில் நோய் பார்க்கிறவருக்கு எங்கோ ஒரு கடையில் டீ குறைந்தால் என்ன? எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று: ஆள் ஒற்றன். நம் துறைமுகத்துச் சேதியைக் கொழும்பு வழியாக எதிரிக்கு அனுப்புகிறான்.

மொட்டைப் பெட்டிஷன் எழுதினேன். அதில் தேசபக்தி பாதி, 'வானொலி நிலையம்' பாதி. கையெழுத்துத் தெரியக்கூடாதென்று இடது கையால் எழுதினேன். 'காய்ச்சல் நோட்டைப் பார்க்கவும்' என்று அடிக்கோடிட்டேன். கீழே 'நாட்டுப்பற்றுள்ள குடிமகன்'. உள்ளூர்த் தபால் முத்திரை காட்டிக்கொடுக்கும் என்று பஸ் ஏறி ஆத்தூர் போய், ஒரு கவுளி வெற்றிலை வாங்கிக்கொண்டு, அங்கே தபாலில் போட்டேன். திரும்பும் வழியெல்லாம் என் மூளையை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள் அவரைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நோட்டை எடுத்துக்கொண்டார்கள். தோணிச் சோதனைக்கு வேறொரு ஆள் வந்தார். அவர் எட்டுப் பேரையும் வரிசையாக நிறுத்தி, "எல்லாருக்கும் சொகமா?" என்று ஒரே கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினார். எனக்குக் காய்ச்சல் பார்க்கவில்லை. நான் இஷ்டத்துக்குப் பேசலாம். பேசினேன். யாரும் சிரிக்கவில்லை.

மாலையில் தண்டல் என்னைத் தேடிக் கிடங்குக்கு வந்தார். அந்தப் பாய்மர உடம்பு சுருட்டி வைத்தது போல இருந்தது.

"ஏல கிளார்க்கு, நீ படிச்சவன். போலீசுல போட்டுக் கேட்டா ஒரு மனுசன் எத்தன நாளு தாங்குவான்?"

"யாரக் கேக்கிய அண்ணாச்சி?"

"தெர்மாமீட்டர் சாரத்தான். எவனோ பெட்டிசன் போட்டிருக்கான், நாசமாப் போறவன்."

நாசமாப் போறவன் வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"அவருகிட்ட ஒரு பேரு இருக்குல. என் தங்கச்சி மாப்பிள பேரு." தண்டல் குரலைத் தாழ்த்தினார். "அவன் கொழும்பு ஏர்போட்டுல டீ போடுதான். பிளேன்ல இருந்து எறங்குதவனெல்லாம் வேற வேற சட்டதான் போட்டிருக்கானாம். கால்ல பாத்தா அத்தன பேருக்கும் ஒரே பூட்சு. ஒரு பிளேனுக்கு எத்தன டீ போச்சுன்னு என்கிட்ட சொல்லுவான். நான் சார்கிட்ட சொல்லுவேன். இன்னொரு கம்பெனித் தோணிக்காரன் ஒருத்தன், அங்கன பன்னு கொண்டுபோடுதவனுக்குச் சேக்காளி. அவன் பன்னு கணக்கச் சொல்லுவான். எனக்கு அவனத் தெரியாது, அவனுக்கு என்னையத் தெரியாதுன்னு சார் நெனச்சுக்கிட்டு இருக்காரு."

டீ நூற்று நாற்பது. பன் நூற்று முப்பத்தைந்து. எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தது.

"எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்?"

"அவரு சொல்லல. நானாக் கூட்டிக்கிட்டேன். அங்கன வங்காளத்துல அடி வாங்குத சனத்துக்கு எத்தன பட்டாளத்தான் புதுசா வாரான்னு தெரிய வேண்டாமா? அவனுவளுக்குப் பிளேனு இல்ல, கப்பலு இல்ல. இங்கன இருந்து மெட்ராசுக்குப் போயி, மேல போயி, அந்தப் பயலுவ கையில போயிச் சேரும்போல." தண்டல் தலையைப் பிடித்துக்கொண்டார். "எங்க அப்பன் முத்துக்குளிச்ச ஆளு. கடலுக்குள்ள எறங்குதவன் இடுப்புக் கயித்த மச்சான் கையிலதான் கொடுப்பான். மேல நிக்கவன் கண்ணசந்தா அவன் அக்கா தங்கச்சிதானே தாலியறுப்பா? அதனால விடமாட்டான். என் மச்சான் கயிறு என் கையில இருந்துச்சு. நான் கொண்டுபோயி அந்த நாசரேத்துக்காரரு கையில கொடுத்துட்டேன். அவரு என்ன எங்களுக்கு மச்சானா மாமனா? ஒரு அடி தாங்காம பேரச் சொன்னாருன்னா, பேப்பர்ல வந்துச்சுன்னா, அங்கன அவன உசுரோட விடுவானா?"

வாயில் தெர்மாமீட்டர் இல்லாமலே என் வாய் மூடியிருந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அடுத்த நான்கு நாள் அவரைக் காலையில் ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்து, பொழுது சாயும்போது அனுப்பினார்கள். நான் எதிர்ப்பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை என்பது தெரிந்தது. அதே வெள்ளைச் சட்டையில் அதே மடிப்போடு வெளியே வந்தார். வந்ததும் பாராக்காரரிடம் மணி கேட்டார். பிறகு ரிக்ஷாக்காரரிடம் கேட்டார். ஆள் உடையவில்லை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் உடைந்தால்? உள்ளே போய் 'நான்தான் எழுதினேன், தப்பாக எழுதிவிட்டேன்' என்று சொல்லலாமா என்று ஒவ்வொரு நாளும் எழுந்தேன். ஒவ்வொரு நாளும் இன்னொரு டீ சொல்லி உட்கார்ந்தேன். தப்பு என்றால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தண்டல் சொன்னார் என்று சொல்லவேண்டி வரும். இப்படி என் கோழைத்தனத்துக்கு ஒரு நியாயம் கிடைத்தது. நியாயம் சரிதான், ஆனால் அது எனக்கு அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததை இன்றுவரை நான் நம்பவில்லை.

ஐந்தாம் நாள் அந்த ஸ்டேஷன் ஏட்டு டீ குடிக்க வந்தார். எனக்குப் பழக்கமானவர், வெங்காயம் எங்களிடம்தான் வாங்குவார்.

"என்னண்ணே, அந்த நாசரேத்துக்காரரு ஏதும் சொன்னாரா?" என்று கேட்டேன். சும்மா கேட்பது மாதிரி கேட்க எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது!

"அத ஏன் கேக்க? நோட்டுல இருக்க எண்ணு யாரு கொடுத்ததுன்னு அய்யா கேட்டாரு. தெரியலன்னாரு. எதுக்குன்னு கேட்டாரு. மெட்ராஸ்ல என் மேலதிகாரியக் கேளுங்கன்னாரு. மெட்ராசுக்கு எழுதியிருக்கு. அப்புறம் பெட்டிசன எடுத்துப் போட்டு, இது யாரு எழுத்துன்னாவது தெரியுதான்னாரு."

"ம்."

"அந்த மனுசன் எழுத்தவே பாக்கல தம்பி. எடுத்து மூக்குல வச்சாரு. மோந்தாரு. கீழ வச்சாரு. மறுபடி எடுத்து மோந்தாரு. தெரியலன்னுட்டாரு. ஒண்ணுமே தெரியாத ஆளுக்கு எப்படிவே கவர்மென்ட்டு வேல கொடுத்தான்?"

ஏட்டு போன பிறகு என் கையை மூக்கருகே கொண்டுபோனேன். காலையில் சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். சின்ன வெங்காயம். என் சட்டை, என் பை, கிடங்கில் நான் எடுத்த காகிதம், எல்லாமே. ஆத்தூர் வரை பஸ்ஸில் போய்த் தபால் முத்திரையை மறைத்த மேதை, வெங்காயக் கிடங்குக் காகிதத்தில் எழுதியிருந்தான். அவர் இரண்டு தடவை மோந்திருக்கிறார். இரண்டு மூக்குத் துவாரமும் தனித்தனிச் சாட்சி போலிருக்கிறது.

'இது வெங்காயக் கம்பெனிக் கிளார்க்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே என்னை இழுத்துப்போய் அவரை விட்டிருப்பார்கள். சொல்லவில்லை.

மெட்ராஸிலிருந்து ஆள் வர மூன்று வாரம் ஆயிற்று. சாதாரணச் சட்டை போட்ட ஒல்லி மனிதர். ஸ்டேஷனுக்குள் கால் மணி நேரம் இருந்தார். நோட்டு திரும்பி வந்தது. அந்த மூன்று வாரமும் கொழும்பில் டீ போட்டார்கள், பன் விற்றார்கள். இங்கே யாரும் எண்ணவில்லை. சில நாளில் போர் தொடங்கியது. கார் விளக்குகளில் பாதிக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தார்கள். இரண்டு வாரத்தில் முடிந்தும் போயிற்று. கிழக்கே ஒரு புது நாடு பிறந்தது. ஊரில் மிட்டாய் கொடுத்தார்கள். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். வாயில் வைக்க முடியவில்லை.

தண்டலின் மச்சான் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அடுத்த நடையில் தண்டல் கொழும்பு போய் அவனைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் டீதான் போடுதான், தண்ணி மாதிரி" என்றார். பெட்டிஷன் போட்டவனை மட்டும் மாதாவிடம் ஒப்படைத்திருப்பதாகச் சொன்னார். நான் அவருக்கும் இன்றுவரை சொல்லவில்லை. மாதா சொல்லாமல் இருக்கவேண்டும்.

தெர்மாமீட்டர் சாருக்கு மாற்றல் வந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்துபோன ஆள் இனி இந்தத் துறைமுகத்தில் எதற்கு? தருமபுரிப் பக்கம், கடலே இல்லாத ஊர். கிறிஸ்துமஸ் முடிந்து அவர் கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். போகும்போதே சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் காக்கிப் பை. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் விட்டார்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் பெட்டி..."

"தம்பி, முகம் செவந்திருக்கே. வாயத் தொறயும்."

"இல்ல சார், நான்..."

"தொறயும்."

வைத்தார். நாக்கடியில் ஸ்பிரிட் வாடையோடு கண்ணாடி. அவர் வெளியே பார்த்துக்கொண்டு பேசினார், ஜன்னலிடம் சொல்வது மாதிரி.

"அங்கன ஒரு ஆத்தங்கரையில நாலு பயலுவ ஒளிஞ்சு கெடப்பான். எதித்தாப்புல எத்தன பேரு வாரான்னு தெரிஞ்சா, நிக்கதா ஓடதான்னு முடிவு பண்ணுவான். தெரியலன்னா நிப்பான். நான் எழுதினது அவன் கையில போச்சா போகலியா, எனக்குத் தெரியாது. நான் கேக்கவும் இல்ல. நமக்கு நட்புன்னு சேதி கொடுக்கவன் நாளைக்கு எப்படி இருப்பானோ, அதுவும் தெரியாது. அதனாலதான் ரெண்டு வாயி. ஆனா கொடுக்கவன் யாருன்னு மட்டும் மேல போகக்கூடாது. நல்ல சேதி கொடுத்தவனும் சரி, கெட்ட சேதி கொடுத்தவனும் சரி. இவன் பேரச் சொல்லிட்டா, அவன் பேரச் சொல்ல எம்புட்டு நேரம் ஆகும்? இப்ப எனக்கு யாரு பேரும் தெரியாது. தெரிய வைக்காதீரும்."

அந்த மூன்று வாரத்தைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அந்த நாலு பேர் நின்றார்களா, ஓடினார்களா? வாயில் கண்ணாடி. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கேட்க நினைத்தது அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்கும் பதில் தெரியாது என்பது எனக்கும் தெரிந்தது.

தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "தொண்ணூத்தெட்டு நாலு. போயிட்டு வாரும்."

இறங்கினேன். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். ஜன்னலிலிருந்து அவர் தலை நீண்டது.

"தம்பி, மணி என்ன?"

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "நாலேகால் சார்."

பக்கத்தில் சுமை தூக்குகிறவர் ஒருவர் நின்றிருந்தார். முறுக்கு விற்கிற அம்மா நின்றிருந்தார். அவர் அடுத்து யாரிடம் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. மணிக்கட்டைத் திருப்பி, கடிகாரத் திருகை இழுத்து, முள்ளை நான் சொன்ன நேரத்துக்கு நகர்த்தி வைத்தார். பஸ் கிளம்பியது.

நடந்து வந்தேன். மாதா கோவில் பக்கம் வந்தபோது கோபுரக் கடிகாரத்தைப் பார்த்தேன். என் கைக்கடிகாரம் பத்து நிமிஷம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.